பிசிஷியன் அசிஸ்டென்ட் மருந்து எழுதலாமா? வேலூர் ஓ.பி. ஒன்றில் அம்மாவுக்கு நடந்தது

கடந்த மூன்று மாதத்தில் நான்கு தடவை அம்மாவை வேலூரில் ஒரு தனியார் மருத்துவமனையின் சுகர், பி.பி. ஓ.பி.க்குக் கூட்டிப் போய் வந்தேன். ஆஸ்பத்திரி பெயரை இங்கே போடவில்லை. நல்லது நிறைய சொல்லப் போகிறேன், ஆனால் ஒரு குறையும் இருக்கிறது, அதை அவர்களிடமே தாளில் எழுதிக் கொடுத்துவிட்டேன், சரி செய்ய அவகாசம் கொடுப்பதுதான் நியாயம். இந்த ஊரில் ஆஸ்பத்திரிக்குப் பஞ்சமில்லை. 1900-ல் ஐடா ஸ்கடர் ஒரே ஒரு கட்டிலோடு ஆரம்பித்த இடம் இன்றைக்கு சி.எம்.சி.யாக நிற்கிறது, அதைச் சுற்றித் தெருத்தெருவாக லாட்ஜ், லேப், மெடிக்கல் கடை, வங்காள எழுத்தில் போர்டு. அதனால் எந்த ஆஸ்பத்திரி என்பதை விட, அங்கே யார் உங்களைப் பார்க்கிறார்கள், யார் மருந்து எழுதுகிறார்கள் என்பதைப் பற்றித்தான் எழுத நினைக்கிறேன்.

நான் டி.பார்ம் படித்தவன். வாலாஜாவில் ஒரு மெடிக்கல் கடையில் பதினோரு வருடம் கவுண்டரில் நின்றிருக்கிறேன். மருந்துச் சீட்டு என்று எதையாவது நீட்டினால் முதலில் என் கண் போவது கீழே, கையெழுத்துக்கும் பதிவு எண்ணுக்கும்தான். இந்த விஷயத்தில் எனக்கு இவ்வளவு அக்கறை ஏன் என்று பின்னால் புரியும்.

அம்மாவுக்கு 66 வயது, குடியாத்தத்தில் தனியாக இருக்கிறார். சுகர் எட்டு வருடமாக, பி.பி. அதற்கும் முன்னாலிருந்து. முதல் தடவை போவதற்கு முன்னால் மூன்று மாதமாகத் தலைசுற்றல், கால் வீக்கம், சாப்பாடு பிடிக்கவில்லை. முன்பு பார்த்துக்கொண்டிருந்த இடத்தில் போனால் மூன்று நிமிடம், பி.பி. பார்த்துவிட்டு "அதே மாத்திரையைப் போடுங்க" என்று அனுப்பிவிடுவார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை, வெளியே எழுபது பேர் உட்கார்ந்திருந்தால் யாராலும் அவ்வளவுதான் முடியும்.

புது இடத்தில் டோக்கன் வாங்கி உட்கார்ந்ததும் சிஸ்டர் பி.பி., எடை, விரல் குத்தி சுகர் எல்லாம் எடுத்தார். அப்புறம் ஒரு சின்ன அறைக்குள் அனுப்பினார்கள். உள்ளே இருந்த பெண்ணுக்கு 25, 26 வயது இருக்கும். உட்கார்ந்ததும் அவர் சொன்ன முதல் வாக்கியம் இதுதான்: "அம்மா, நான் டாக்டர் இல்லை, பிசிஷியன் அசிஸ்டென்ட். நான் எல்லாத்தையும் கேட்டு எழுதி வைப்பேன், டாக்டர் வந்து பார்த்து முடிவு பண்ணுவார்." இந்த ஒரு வாக்கியத்துக்காகவே அந்த இடத்துக்கு ஒரு நட்சத்திரம் கூடுதலாகக் கொடுக்கலாம். ஏனென்றால் வெள்ளைக் கோட்டும் ஸ்டெதஸ்கோப்பும் போட்டிருக்கும் எல்லோரையும் நம் ஆட்கள் டாக்டர் என்றுதான் கூப்பிடுகிறார்கள், அப்படிக் கூப்பிடும்போது மறுக்காமல் இருப்பவர்களை நான் நிறைய பார்த்திருக்கிறேன். ஆஸ்பத்திரிக்குள் எல்லோரும் இவர்களை பி.ஏ. என்று சொல்கிறார்கள், அதைக் கேட்ட அம்மா "பி.ஏ.வா, எந்தக் காலேஜ்ல படிச்சேம்மா, தமிழா இங்கிலீஷா" என்று கேட்டார். அந்தப் பெண் சலித்துக்கொள்ளாமல், இது பி.எஸ்சி. படிப்பு, மூன்று வருடம் வகுப்பு, ஒரு வருடம் ஆஸ்பத்திரியிலேயே பயிற்சி என்று விளக்கினார்.

அடுத்து நடந்ததைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும். "வீட்ல சாப்பிடற மாத்திரை எல்லாத்தையும் கொண்டு வந்தீங்களா, சீட்டு வேணாம், மாத்திரையே வேணும்" என்று கேட்டார். அம்மா மஞ்சப்பையை எடுத்து மேஜை மேல் கவிழ்த்தார். அட்டை அட்டையாக விழுந்தது. பாதி அட்டை, கால் அட்டை, பேப்பர் கவரில் தனியாக நாலு மாத்திரை, பெயரே தெரியாமல் வெட்டப்பட்ட ஒரு துண்டு. அந்தப் பெண் ஒவ்வொன்றாக எடுத்துத் திருப்பி, பின்னால் இருக்கும் பொடி எழுத்தைப் படித்து, மேஜையில் மூன்று குவியலாகப் பிரித்தார். சுகர் ஒரு பக்கம், பி.பி. ஒரு பக்கம், மிச்சம் ஒரு பக்கம். ஒவ்வொரு அட்டைக்கும் "இது காலையிலயா, ராத்திரியா, சாப்பிட்டா சாப்பிடாமயா, யார் குடுத்தாங்க" என்று கேட்டு எழுதிக்கொண்டார். இருபது நிமிடத்துக்கு மேல் ஆனது.

மூன்று விஷயம் வெளியே வந்தது. மக்களைத் தேடி மருத்துவம் என்ற அரசுத் திட்டத்தில் வீட்டுக்கே வந்து தரும் மெட்ஃபார்மின் 500 (சுகருக்கு), ஆம்லோடிபின் 5 (பி.பி.க்கு) இரண்டும் அம்மா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். 2021 ஆகஸ்டில் தொடங்கிய அந்தத் திட்டம் அம்மா போன்றவர்களுக்குப் பெரிய உதவி, அதில் எனக்குத் துளியும் குறை இல்லை. அதோடு தனியார் டாக்டர் எழுதிய சுகர் மாத்திரையும் போய்க்கொண்டிருந்தது. அது கிளிமெபிரைடும் மெட்ஃபார்மினும் சேர்ந்த மாத்திரை. ஆக, காலையும் இரவும் மெட்ஃபார்மின் இரண்டு மடங்கு. அட்டையின் கலர் வேறு, கம்பெனி வேறு, அம்மாவுக்கு எப்படித் தெரியும். இரண்டாவது, பி.பி.க்கு டெல்மிசார்டனும் ஹைட்ரோகுளோரோதயாசைடும் சேர்ந்த ஒன்று, அதாவது உப்பையும் நீரையும் சிறுநீரில் இறக்குகிற மாத்திரை கலந்தது, அதுவும் ஆம்லோடிபினோடு சேர்ந்து ஓடிக்கொண்டிருந்தது. மூன்றாவதுதான் எனக்கு நெஞ்சில் குத்தியது. அந்தப் பெயரில்லாத துண்டைக் காட்டி, இது என்ன என்று கேட்டதற்கு அம்மா, "அது ஒண்ணும் இல்லம்மா, முட்டி வலிக்கு, கடையில வாங்கிப் போட்டுக்கினு இருக்கேன், நாலஞ்சு மாசமா" என்றார். டைக்ளோஃபெனாக் 50. தினம் இரண்டு.

டெல்மிசார்டன் மாதிரி ஒரு மருந்து, அதோடு நீர் மாத்திரை, அதோடு இந்த வகை வலி மாத்திரை, மூன்றும் ஒன்றாகச் சேர்ந்தால் கிட்னிக்குப் போகும் ரத்த ஓட்டத்தை மூன்று பக்கமும் இறுக்கிப் பிடிக்கும். வயதானவர்களுக்கு, சுகர் இருப்பவர்களுக்கு இன்னும் மோசம். இது எனக்குத் தெரியும், படித்திருக்கிறேன், கவுண்டரில் மற்றவர்களுக்குச் சொல்லியும் இருக்கிறேன். என் அம்மாவின் பையில் என்ன இருக்கிறது என்று ஒரு தடவை கூட நான் கவிழ்த்துப் பார்க்கவில்லை. டைக்ளோஃபெனாக் ஷெட்யூல் எச் மருந்து, டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது, ஆனால் எந்த ஊரில் கேட்டாலும் மிட்டாய் மாதிரி வெட்டிக் கொடுக்கிறார்கள். கொடுத்த கடைக்காரருக்கு அம்மா வேறு என்ன சாப்பிடுகிறார் என்று தெரியாது. வீட்டுக்கு வந்து மாத்திரை தரும் அக்காவுக்கு இந்த வலி மாத்திரை தெரியாது. தனியார் டாக்டருக்கு அரசு மாத்திரை தெரியாது. எல்லாவற்றையும் ஒரே மேஜையில் கொட்டிப் பார்த்த முதல் ஆள் இந்த பி.ஏ.தான்.

சரி, பார்த்தார், கண்டுபிடித்தார், அடுத்து என்ன செய்தார் என்பதுதான் இந்த விமர்சனத்தின் முக்கியமான இடம். அவரே எதையும் நிறுத்தவில்லை, எதையும் எழுதவில்லை. "அம்மா, இந்த வலி மாத்திரையை இன்னைக்கு மதியம் போட வேணாம், டாக்டர் வந்து சொல்ற வரைக்கும்" என்றார், அவ்வளவுதான். ரத்தத்துக்கு கிட்னி நிலையைக் காட்டும் கிரியேட்டினின், பொட்டாசியம், மூன்று மாத சுகர் சராசரி, சிறுநீரில் புரதம், இத்தனையும் எழுதி லேபுக்கு அனுப்பினார். நான் கேட்டேன், டெஸ்ட் மட்டும் நீங்களே எழுதலாமா என்று. சுகர், பி.பி. புதிதாக வருகிறவர்களுக்கு என்னென்ன டெஸ்ட் என்று டாக்டர்களே ஒரு பட்டியல் போட்டுக் கையெழுத்திட்டுக் கொடுத்திருக்கிறார்கள், அதற்குள் இருப்பதை மட்டும் எழுதுவேன், அதற்கு வெளியே ஒன்று வேண்டும் என்றால் கேட்டுத்தான், என்று சொன்னார். சுவரில் அந்தப் பட்டியல் ஒட்டியிருந்தது.

ரிசல்ட் வந்தது, கிரியேட்டினின் 1.4, அதிகம்தான். கிட்னி வேலை செய்யும் அளவை வயதையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் 41, அது குறைவு. பொட்டாசியம் நல்லவேளையாகப் பெரிய அளவில் ஏறவில்லை. டாக்டர் வந்தபோது பி.ஏ. எழுந்து நின்று ஒரு நிமிடத்தில் மொத்தக் கதையையும் சொன்னார், குவியலைக் காட்டினார். டாக்டர் அம்மாவிடம் இன்னும் நாலு கேள்வி கேட்டார், காலை அழுத்திப் பார்த்தார், பிறகு வாயால் சொல்லச் சொல்ல அந்தப் பெண் எழுதினார். டைக்ளோஃபெனாக் இனி வேண்டவே வேண்டாம், முட்டிக்கு பாராசிட்டமாலும் பிசியோதெரபியும். கிளிமெபிரைடு கலவை மாத்திரை நிறுத்தம். மெட்ஃபார்மின் அரசு தருவது மட்டும், காலை ஒன்று இரவு ஒன்று. நீர் மாத்திரை கலந்ததை நிறுத்திவிட்டு டெல்மிசார்டன் மட்டும், ஆம்லோடிபின் பாதி. எழுதி முடித்து டாக்டரிடம் திரும்பப் படித்துக் காட்டினார், ஒரு இடத்தில் டாக்டர் "இல்லை, அது காலையில்" என்று திருத்தினார், திருத்தி, டாக்டர் கையெழுத்துப் போட்டு, பெயரும் பதிவு எண்ணும் உள்ள முத்திரை வைத்தார். எழுதியது யார் என்று ஓரத்தில் பி.ஏ.வின் பெயர் தனியாக. மருந்துப் பெயர்கள் எல்லாம் பெரிய எழுத்தில், கம்பெனிப் பெயர் இல்லாமல். பதினோரு வருடத்தில் என் கைக்கு வந்த சீட்டுகளில் இவ்வளவு தெளிவான சீட்டு பத்து இருக்குமா என்று தெரியவில்லை.

அந்தத் திரும்பப் படித்துக் காட்டுவதை லேசாக நினைக்காதீர்கள். இரண்டாவது தடவை போனபோது டாக்டர் வார்டில் இருந்தார், போனில் பேசினார்கள். அப்போதும் அதே முறை. அவர் சொன்னதை எழுதி, மருந்துப் பெயர், அளவு, நேரம் எல்லாவற்றையும் போனிலேயே திரும்பப் படித்து, அவர் ஆமாம் என்ற பிறகுதான் எங்களிடம் பேசினார். டாக்டர் இறங்கி வந்து கையெழுத்துப் போடும் வரை நாற்பது நிமிடம் உட்கார வைத்தார்கள். பக்கத்தில் இருந்தவர்கள் முணுமுணுத்தார்கள், எனக்கு அந்த நாற்பது நிமிடம் பிடித்திருந்தது.

நம் நாட்டில் சட்டப்படி நிலைமை இதுதான். பி.ஏ. தன் பெயரில் மருந்துச் சீட்டு எழுத முடியாது. ஷெட்யூல் எச், எச்1, எக்ஸ் என்று சட்டத்தில் பட்டியல் போட்ட மருந்துகள் எல்லாம் பதிவு பெற்ற மருத்துவர் சீட்டுக்குத்தான் கொடுக்க வேண்டும். எச்1 என்றால், 2014 மார்ச்சிலிருந்து கடையில் தனி ரிஜிஸ்டர், எழுதிய டாக்டர் பெயர், நோயாளி பெயர், மருந்து, எண்ணிக்கை எல்லாம் எழுதி மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். அந்த ரிஜிஸ்டரை நான் தினமும் எழுதியவன். பி.ஏ. தொழிலுக்கு 2021-ல் வந்த துணை மருத்துவத் தொழில்கள் சட்டத்தில் இடம் கிடைத்திருக்கிறது, ஆனால் இடம் கிடைத்ததும் எழுதும் அதிகாரம் கிடைத்ததும் ஒன்றல்ல. இந்தப் படிப்பே நம் பக்கத்தில்தான் முளைத்தது, 1992-ல் சென்னையில் மெட்ராஸ் மெடிக்கல் மிஷனில் இதய அறுவை நிபுணர் கே.எம். செரியன் ஆரம்பித்தது. முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறது, இன்னும் அவர்கள் யார் என்று நோயாளிகளுக்குத் தெரியவில்லை என்பதுதான் வருத்தம்.

2019 தேசிய மருத்துவ ஆணையச் சட்டத்தில் சமுதாய சுகாதாரப் பணியாளர் என்று ஒரு பிரிவு வைத்தார்கள். ஆரம்ப சுகாதாரம், நோய்த் தடுப்பு மட்டும் என்றால் குறிப்பிட்ட சில மருந்துகளைத் தனியாக எழுதலாம், அதைத் தாண்டினால் டாக்டர் மேற்பார்வையில்தான். நாடு முழுக்க டாக்டர்கள் அதை எதிர்த்துப் போராடினார்கள். அவர்கள் பயம் எனக்குப் புரிகிறது, ஏனென்றால் மேற்பார்வை என்ற சொல் தாளில் ஒன்றாகவும் தரையில் வேறாகவும் இருப்பதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். கடையில் இருந்த காலத்தில் ஒரு கிளினிக்கிலிருந்து தொடர்ந்து சீட்டு வரும். கையெழுத்து ஒரே நீல மையில், மருந்து வேறு மையில், வேறு கையில். ஒருநாள் ஒரு பையன் அவசரத்தில் இரண்டு தாள் சேர்த்துக் கொடுத்துவிட்டான். அடியில் இருந்த தாளில் கையெழுத்தும் முத்திரையும் மட்டும் இருந்தது, மேலே வெறுமை. டாக்டர் முன்னாலேயே கையெழுத்துப் போட்டு அடுக்கி வைத்துவிட்டுப் போயிருக்கிறார், உதவிக்கு இருந்தவர் நிரப்பிக்கொண்டிருந்தார். அன்றைய சீட்டில் ஒரு குழந்தைக்கு ஆன்டிபயாட்டிக் சிரப், எடைக்குத் தகுந்த அளவு இல்லை, கிட்டத்தட்ட பெரியவர்கள் அளவு. நான் கொடுக்க மறுத்து கிளினிக்குக்கு போன் செய்தேன், முதலாளி என்னைத் திட்டினார். குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்தத் தாளை இப்போதும் நினைத்தால் வயிற்றைப் பிசைகிறது.

அதனால் பி.ஏ. எழுதலாமா கூடாதா என்று யாராவது கேட்டால், எழுதட்டும், ஆனால் மேற்பார்வை செய்பவர் அந்தத் தாளை எழுதிய பிறகு பார்த்தாரா என்றுதான் திருப்பிக் கேட்பேன். என் அக்கா மகள் அமெரிக்காவில் வட கரோலினாவில் நர்ஸ். இந்தத் தொழில் பிறந்ததே அந்த மாநிலத்தில்தான், 1965-ல் டியூக் பல்கலைக்கழகத்தில் யூஜின் ஸ்டெட் என்ற டாக்டர், கடற்படையில் மருத்துவ உதவியாளர்களாக இருந்த நான்கு பேரை வைத்து ஆரம்பித்தார். இன்று அங்கே 50 மாநிலத்திலும் பி.ஏ. மருந்து எழுதலாம், கடைசியாக ஒப்புக்கொண்ட இண்டியானா 2007-ல்தான் வந்தது. டாக்டரோடு என்ன மாதிரி ஒப்பந்தம், எந்த மருந்து வரை எழுதலாம் என்பதெல்லாம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும், போதை சம்பந்தப்பட்ட வலி மருந்துகளுக்கு மத்திய அரசிடம் தனிப் பதிவு வேண்டும். பி.ஏ. கம்ப்யூட்டரில் போடும் ஆர்டரை டாக்டர் ஆர்டர் போலவே நாங்கள் செய்வோம், அளவில் சந்தேகம் வந்தால் டாக்டரையே கூப்பிட்டுக் கேட்போம், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள் மாமா, என்று சொன்னாள். பிரிட்டனில் நேர்மாறு, அங்கே இவர்கள் மருந்து எழுத முடியாது. 2024 டிசம்பரில்தான் மருத்துவ கவுன்சிலில் பதிவே ஆரம்பித்தது, 2025 ஜூலையில் அரசு கேட்டு வந்த லெங் அறிக்கை, அங்கே இவர்களுக்கு இருக்கும் பிசிஷியன் அசோசியேட் என்ற பெயர் டாக்டர் என்று குழப்புகிறது, அசிஸ்டென்ட் என்றே மாற்றுங்கள் என்றது. நம் ஊரில் அந்தப் பெயர்க் குழப்பம் இன்னும் அதிகம்.

இப்போது குறைக்கு வருகிறேன். மூன்றாவது தடவை போனபோது எங்கள் டாக்டர் விடுப்பு. பழைய பி.ஏ.வும் இல்லை, வேறு ஒருவர். அம்மா மாத்திரையில் மாற்றம் எதுவும் இல்லை, அப்படியே தொடரட்டும் என்று எழுதி, டாக்டர் பெயர் அச்சடித்த தாளில் "டாக்டருக்காக" என்று தன் கையெழுத்தைப் போட்டுக் கொடுத்துவிட்டார். நான் கவனித்துக் கேட்டதற்கு, மாத்திரை அதேதானே சார், பரவாயில்லை, என்றார். பரவாயில்லை என்று நான் நினைக்கவில்லை. வெளியே மெடிக்கல் கடைக்காரரும் நினைக்கவில்லை, வாங்க மறுத்துவிட்டார், அவர் செய்தது ரொம்ப சரி. திரும்ப உள்ளே போய், பணியில் இருந்த வேறு டாக்டர் அம்மாவைப் பார்த்துக் கையெழுத்துப் போட ஒன்றரை மணி நேரம். குடியாத்தம் பஸ்ஸை விட்டு, அம்மா சத்துவாச்சாரியில் என் வீட்டிலேயே தங்கினார். அந்த மருத்துவமனையில் ஒரு பி.ஏ. எவ்வளவு ஒழுங்காக நடக்கிறார் என்று பார்த்த அதே கண்ணால் இதையும் பார்க்க வேண்டியிருந்தது. டாக்டர் இல்லாத நாளுக்கு யார் பொறுப்பு என்று முன்னாலேயே எழுதி வைக்காமல் விட்டது நிர்வாகத்தின் தவறு, அந்தப் பையனை மட்டும் சொல்ல மாட்டேன். புகார்ப் பெட்டியில் போடாமல் நேரில் எழுதிக் கொடுத்தேன், மேலாளர் உட்கார வைத்துக் கேட்டார், நான்காவது தடவை போனபோது வாசலில் அன்றைய பொறுப்பு டாக்டர் பெயர் போர்டில் எழுதியிருந்தது. இன்னொன்றும் கேட்டிருக்கிறேன், அதை இன்னும் செய்யவில்லை: கழுத்தில் தொங்கும் அட்டையில் பதவி இங்கிலீஷில், கண்ணாடி போட்டாலும் தெரியாத அளவில் இருக்கிறது. "மருத்துவர் உதவியாளர்" என்று தமிழில் கொட்டை எழுத்தில் போட வேண்டும்.

நான்காவது தடவையின் ரத்த ரிசல்ட், கிரியேட்டினின் 1.1, அந்த 41 இப்போது 55. கால் வீக்கம் போய்விட்டது. தலைசுற்றல் இல்லை. முட்டி வலி இருக்கிறது, பிசியோதெரபிக்கு வாரம் இரண்டு தடவை போகிறார், புலம்பிக்கொண்டேதான் போகிறார். முதல் நாள் பார்த்த அதே பெண்தான் அன்றைக்கும் இருந்தார், அம்மா வீட்டிலிருந்து ஒரு கிலோ முள்ளுக் கத்தரிக்காய் கொண்டு போய்க் கொடுத்தார். வாங்கிக்கொள்ளக் கூடாது என்று விதி இருப்பதாக அந்தப் பெண் தயங்க, "கத்திரிக்காய்க்கு இன்னாத்துக்கும்மா விதி" என்று மேஜையில் வைத்துவிட்டு வந்துவிட்டார்.

ஐந்துக்கு நான்கு தருகிறேன். கட்டணம் முதல் தடவை 400, அடுத்தடுத்த தடவை 250, லேப் தனி. போகிறவர்கள் மாத்திரை அட்டைகளை வெட்டாமல் முழுசாக, அரசு தருவது, கடையில் வாங்கியது, நாட்டு மருந்து என்று எல்லாவற்றையும் ஒரே பையில் எடுத்துப் போங்கள். உங்களைப் பார்ப்பவர் டாக்டரா பி.ஏ.வா என்று கேளுங்கள், கேட்டால் யாரும் கோபிக்கவில்லை. வெளியே வருவதற்கு முன் சீட்டின் அடியில் கையெழுத்தும் பதிவு எண்ணும் இருக்கிறதா என்று அங்கேயே நின்று பாருங்கள். செவ்வாய், வெள்ளி கூட்டம் அதிகம், புதன்கிழமை எட்டு மணிக்கு முன்னால் போனால் பதினோரு மணிக்குள் முடிந்துவிடுகிறது.